தம்பியின் சைக்கிளுக்கு எந்த ரிம்?

வீட்டுப் பட்டறை



பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இந்த மாதம் என் மேசைக்கு வந்தது. நான்கு பக்கக் கடிதம். அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய மகன் நான்காம் படிவம் படிக்கிறான். வயது பதினாறு. தோட்டத்திலிருந்து பெரிய சடக்கு வரைக்கும் மூன்று மைல் செம்மண் சடக்கு. அதற்குப் பிறகு தார்ச் சடக்கு. தினமும் 26 அங்குல மவுண்டன் பைக்கில் பள்ளிக்குப் போய் வருகிறான். போகிற வழியில் நான்காம் ஆண்டு படிக்கும் தங்கையைப் பின்னால் உட்கார வைத்துத் தமிழ்ப்பள்ளியில் இறக்கி விடுவதும் அவன்தான். ஒரே ஆண்டில் பின் சக்கரத்து ரிம் இரண்டு முறை வளைந்துவிட்டது. பள்ளி விடுமுறையில் பட்டணத்துக் கார் கழுவும் கடையில் நின்று அவன் கொஞ்சம் வெள்ளி சேர்த்திருக்கிறான். அதைக்கொண்டு, கைப்பேசியில் பார்த்த மிக மெல்லிய ரிம் ஒரு ஜோடி வாங்க வேண்டும் என்கிறான். ஆண்டுக் கடைசியில் பக்கத்து ஊரில் நடக்கும் சைக்கிள் ஜம்போரியில் ஓட வேண்டும் என்று ஆசை. தகப்பனாரோ, "இதெல்லாம் தகர டப்பா. உன் தாத்தா சைக்கிளில் இருந்த மாதிரி இரும்பு ரிம்மாகப் போடு. முப்பது வருஷம் உழைக்கும்" என்கிறார். இருவரும் மூன்று நாளாகப் பேசிக்கொள்வதில்லையாம். "யார் சொல்வது சரி? நீங்கள் சொல்வதைத்தான் இரண்டு பேரும் கேட்பார்கள்" என்று முடித்திருக்கிறார் அந்த அம்மா.

அம்மா, பெரிய பொறுப்பைத் தலையில் வைத்துவிட்டீர்கள்! இருவர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தவறு. அதை விளக்கத்தான் இந்த மாதப் பட்டறை. உங்கள் வீட்டுக்காரரையும் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

இரும்பு ரிம் பற்றி ஒரு பழைய கதை

முதலில் தகப்பனாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவும் பால்மரக் காட்டில் வேலை செய்தவர்தான். அவரிடம் இருந்தது 28 அங்குலக் கறுப்புச் சைக்கிள். வெள்ளிபோல் மின்னும் முலாம் பூசிய இரும்பு ரிம், கம்பி பிரேக். இரண்டு பக்கமும் பால் தோம்பு கட்டிக்கொண்டு காட்டிலிருந்து ஸ்டோருக்கு வரும். அந்த ரிம் ஒருநாளும் வளைந்து நான் பார்த்ததில்லை. இதில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது முழுக்க உண்மை.

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். ஒரு மத்தியானம் தங்கையைப் பின்னால் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்த் திரும்பினேன். நல்ல மழை. ஆயாக் கொட்டகை மேட்டிலிருந்து லயத்துக்கு இறங்கும் சரிவில் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தேன் என்றால் கை நடுங்குமளவு பிடித்தேன். சைக்கிள் நிற்கவில்லை. கண்ணாடியில் சோப்பைத் தேய்த்தால் எப்படி வழுக்குமோ அப்படி வழுக்கிக்கொண்டு போயிற்று. சரிவின் அடியில் இருந்த கான்கிரீட் கானில் போய் விழுந்தோம். எனக்கு முட்டியில் சிராய்ப்பு. தங்கைக்கு இடது கை முறிந்தது. இன்று அவள் பேரன் எடுத்துவிட்டாள். ஆனாலும் மழைக்காலத்தில் அந்தக் கை கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது என்பாள். ஒவ்வொரு முறை அவள் அதைச் சொல்லும்போதும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அன்றைக்கு அப்பா என்னை அடிக்கவில்லை. "மழையில இரும்பு ரிம்மு பிரேக்கு பிடிக்காதுன்னு உனக்குச் சொல்லி வைக்காதது என் தப்பு" என்றார். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

அதுதான் விஷயம். முலாம் பூசிய இரும்பு ரிம் வழவழப்பானது. காய்ந்திருக்கும்போது ஓரளவு பிடிக்கும். நனைந்துவிட்டால் ரப்பர்க் கட்டை அதன்மேல் வழுக்கும். அலுமினிய ரிம்மும் மழையில் சற்றுத் தாமதமாகத்தான் பிடிக்கும் என்றாலும், இரும்பைவிட எவ்வளவோ மேல். நம் நாட்டில் மழை பெய்யாத மாதம் ஏது?

இரண்டாவது காரணம் கனம். ஒரே அளவுள்ள இரும்புத் துண்டையும் அலுமினியத் துண்டையும் தராசில் வைத்தால், இரும்பு ஏறக்குறைய மூன்று மடங்கு கனக்கும். ஆகவே அலுமினியத்தில் செய்யும்போது அதே கனத்துக்குள் தடிப்பான, உள்ளே கூடு வைத்த ரிம்மைச் செய்ய முடிகிறது. கூடு வைத்தது ஏன் வலு என்று கேட்கிறீர்களா? மூங்கிலைப் பாருங்கள். உள்ளே வெற்றிடம், ஆனால் அதே எடையுள்ள கெட்டிக் குச்சியைவிட எளிதில் வளையாது.

ஆகையால் ஐயா, "இரும்பு" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். "வலு" என்ற பேச்சை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் சொல்வதுதான் சரி.

மெல்லிய ரிம் எவ்வளவு வேகம் தரும்?

இப்போது தம்பிக்கு.

தம்பி, ரிம் கனம் குறைந்தால் சைக்கிள் சுறுசுறுப்பாகப் புறப்படும் என்று நீ படித்திருப்பாய். அது பொய்யல்ல. சைக்கிளில் மற்ற சாமான்கள் முன்னோக்கி மட்டும் நகர்கின்றன. ரிம்மும் டயரும் முன்னோக்கி நகர்வதோடு சுற்றவும் செய்கின்றன. அதனால் வேகம் எடுக்கும் அந்த நேரத்தில் மட்டும், சக்கரத்து ஓரத்தில் இருக்கும் ஒரு கிராம் ஏறக்குறைய இரண்டு கிராமுக்குச் சமம். ஒரே வேகத்தில் மேடு ஏறும்போது இந்தக் கணக்குக் கிடையாது. அங்கே ஒரு கிராம் ஒரு கிராம்தான்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீ 55 கிலோ, சைக்கிள் 14 கிலோ, தண்ணீர் போத்தலும் மற்றதும் 1 கிலோ என்று வைத்துக்கொள். மொத்தம் 70 கிலோ. ஒவ்வொரு ரிம்மிலும் 100 கிராம் மிச்சம் பிடித்தால் இரண்டிலும் சேர்த்து 200 கிராம். மேடு ஏறும்போது உனக்குக் குறைவது ஒரு டம்ளர் தண்ணீரின் கனம். புறப்படும்போது அதை இரட்டிப்பாக எடுத்துக்கொண்டாலும் 400 கிராம். 70 கிலோவில் 400 கிராம் நூற்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அரைப் பங்கைச் சற்றே தாண்டுகிறது!

இந்த அரைப் பங்குக்காக, பந்தய நாளில் பாதி வழியில் ரிம் வளைந்து சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தால் அது வேகமா? அந்த அரைப் பங்கு, முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் போராடும் பந்தயக்காரனுக்குத் தேவை. அவனுக்குக் கூடவே மாற்றுச் சக்கரமும் வண்டியும் வரும். உனக்கு வருவது நாளை காலையில் பள்ளிக்கூடம்.

இன்னொன்றும் கேள். ஒரே அளவுள்ள இரண்டு டயர்களுக்குள்ளேயே 200 கிராம் வித்தியாசம் இருப்பது சாதாரணம். டயரும் ரிம்மைப்போல் சக்கரத்தின் ஓரத்தில்தான் சுற்றுகிறது. எனவே கனம் குறைக்க ஆசைப்பட்டால், பழைய டயர் தேய்ந்து மாற்றும்போது அதில் குறைக்கலாம். அது மலிவான வழி.

இந்தச் சைக்கிள் பிறந்த இடம்

மவுண்டன் பைக் எங்கே பிறந்தது என்று தெரிந்தால் இந்தக் கனம், வலு வாதம் இன்னும் விளங்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் என்ற வட்டாரம். அங்கே 1970-களில் சில இளைஞர்கள், 1930-களிலும் 40-களிலும் செய்த, தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைச்சரிவுகளில் ஓட்டினார்கள். 1976-இல் ஃபேர்பாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மலைப்பாதையில் பந்தயமே வைத்தார்கள். அந்தப் பந்தயத்துக்கு 'ரீப்பேக்' என்று பெயர். ஏன் அந்தப் பெயர்? பின் சக்கரத்துக் குடத்துக்குள்ளேயே பிரேக் இருக்கும் சைக்கிள்கள் அவை. ஒரு தடவை இறங்கினாலே சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் எரிந்து புகையும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். மறுபடி அடைப்பதற்குத்தான் ஆங்கிலத்தில் ரீப்பேக்.

அந்தப் பழைய சைக்கிள்களும் கனத்த இரும்புச் சாமான்கள்தாம். இறங்கும்போது சுகம், ஏறும்போது தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே சட்டம் செய்தார். பின்னர் 26 அங்குலத்தில் அலுமினிய ரிம் வந்தபோதுதான் இறங்கிய மலையிலேயே மிதித்து ஏறவும் முடிந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டுக்கு இடம் கிடைத்தது. முதலில் உடையாத சக்கரம், பிறகு கனம் குறைந்த சக்கரம்: அவர்கள் நடந்த வரிசை அது. நாமும் அதே வரிசையில் நடப்போம்.

கட்டை வண்டிச் சக்கரமும் சைக்கிள் சக்கரமும்

ரிம் ஏன் வளைகிறது என்று தெரியாமல் புது ரிம் வாங்கினால், புதியதும் வளையும்.

மாட்டு வண்டிச் சக்கரத்தில் நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், வெளியே வட்டை. வண்டியின் பாரம் கீழே இருக்கும் ஆரக்கால்மேல் தூண்மேல் நிற்பதுபோல் நிற்கிறது. சைக்கிளிலும் ஹப், ஸ்போக் கம்பி, ரிம் என்று அதே மூன்றுதான். ஆனால் மெல்லிய கம்பி தூணாக நிற்குமா? ஒரு கம்பியைத் தரையில் நிறுத்தி அழுத்திப் பாருங்கள், வளைந்துவிடும். அதையே இழுத்துப் பாருங்கள், அசையாது. ஆகவே எல்லாக் கம்பிகளையும் நாலா பக்கமும் முறுக்கி இழுத்துக் கட்டி வைக்கிறார்கள். பாரம் வரும்போது கீழே உள்ள சில கம்பிகளின் இழுப்புக் கொஞ்சம் தளர்கிறது, அவ்வளவுதான். இழுப்பு முழுவதும் போகாத வரைக்கும் சக்கரம் நிற்கும். இந்த இழுத்துக்கட்டிய சக்கரத்தை 1808-லேயே ஜார்ஜ் கெய்லி என்ற ஆங்கிலேயர் யோசித்து வைத்திருந்தார்.

இதிலிருந்து ஒரு பாடம். கம்பி தளர்ந்திருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த ரிம்மும் தனியாக அடி வாங்கும். கம்பி சரியாக இறுகியிருந்தால், சாதாரண ரிம்மும் நன்றாக உழைக்கும். ஜோடி ஜோடியாகக் கம்பிகளை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒன்று விறைப்பாகவும் ஒன்று தொளதொளவென்றும் இருந்தால், குற்றவாளி ரிம் அல்ல!

பின் சக்கரம்தான் முதலில் வளையும். அதற்கும் காரணம் உண்டு. ஓட்டுகிறவரின் பாரத்தில் பாதிக்கு மேல் பின்னால்தான் விழுகிறது. அதோடு, பற்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாகவும் இடப்பக்கக் கம்பிகள் சாய்வாகவும் இருக்கும். இரண்டு பக்கத்து இழுப்பும் ஒன்றாக இராது. தாத்தா காலத்து ஆங்கிலேயச் சைக்கிளில் கம்பிகளை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்னால் 32, பின்னால் 40. அந்தக் காலத்திலேயே புரிந்து வைத்திருந்தார்கள். ஆகவே இரண்டு சக்கரத்துக்கும் ஒரே ரிம்தான் போட வேண்டும் என்ற சட்டம் இல்லை. முன்னால் சற்று மெல்லியது, பின்னால் சற்றுத் தடித்தது. அப்பா மகன் வழக்குக்கு இதுவே பாதித் தீர்ப்பு!

மற்றொரு குற்றவாளி காற்று. காற்றுக் குறைந்த டயர் கல்மேல் ஏறும்போது முழுவதும் நசுங்கி, ரிம்மின் விளிம்பே கல்லில் மோதுகிறது. டியூபில் பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை பக்கம் பக்கமாக விழுந்தால், அதுதான் நடந்தது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை காற்றடிப்பது, தடித்த ரிம் வாங்குவதைவிட ரிம்மைக் காக்கும். எவ்வளவு அடிப்பது என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். அந்த எல்லையைத் தாண்டக் கூடாது.

கடையில் பார்க்க வேண்டியவை

சரி, ரிம் வாங்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் நாலைந்து எடுத்துப் போடுவார். கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஒன்று, அளவு. '26 அங்குலம்' என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். 26 அங்குலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் உண்டு. மவுண்டன் பைக்கின் 26 என்றால் ரிம்மில் 559 என்ற எண் இருக்கும். 26 பெருக்கல் 1 3/8 என்று டயரில் எழுதிய சாதாரணச் சைக்கிளுக்கு 590. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. புதிய மவுண்டன் பைக்குகளில் 27.5 அங்குலத்துக்கு 584. 29 அங்குலத்துக்கு 622. தாத்தாவின் 28 பெருக்கல் 1 1/2 சைக்கிளுக்கு 635. இந்த எண் மில்லிமீட்டர் கணக்கு. பழைய டயரின் பக்கத்திலும் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

இரண்டு, ஓட்டைகளின் எண்ணிக்கை. உங்கள் ஹப்பில் 36 ஓட்டை என்றால் ரிம்மிலும் 36. ஹப்பில் 32 என்றால் ரிம்மிலும் 32. கம்பிகளை எண்ணினால் போதும். பாரம் ஏற்றும் சைக்கிளுக்குப் பின்னால் 36 இருப்பது நல்லது.

மூன்று, ஒற்றைச் சுவரா இரட்டைச் சுவரா? இதுதான் முக்கியம். டயர் உட்காரும் பக்கம் ரிம்மின் உள்ளே பாருங்கள். கம்பியின் நிப்பிள் உட்காரும் ஓட்டை ஒரே தகட்டில் இருந்தால் ஒற்றைச் சுவர். மேலே பெரிய ஓட்டை, அதற்குக் கீழே ஆழத்தில் சின்ன ஓட்டை என்று இரண்டு தகடு தெரிந்தால் இரட்டைச் சுவர். நான் சொன்ன மூங்கில் கணக்கு இதுதான். செம்மண் சடக்குக்கு இரட்டைச் சுவர் இல்லாமல் வாங்காதீர்கள்.

நான்கு, அகலம். 559 பெருக்கல் 19 என்று போட்டிருந்தால், 19 என்பது உள் அகலம், மில்லிமீட்டரில். தம்பி ஓட்டும் 1.95 அல்லது 2.1 அங்குல டயருக்கு 19 முதல் 21 வரை பொருத்தம். 2.3, 2.4 என்று தடித்த டயர் போடுகிறவர்கள் 25, 30 என்று போகலாம். ரிம் மிகக் குறுகலாக இருந்தால் வளைவில் டயர் நெளியும். மிக அகலமாக இருந்தால் டயர் தட்டையாகி ரிம் விளிம்பு கல்லுக்குத் தெரியும்.

ஐந்து, பிரேக் எது? ரிம்மைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டை பிரேக் என்றால், ரிம்மின் இரண்டு பக்கமும் அதற்கான சமதளம் இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக்குக்கென்று செய்த ரிம்மில் அந்தத் தளம் இராது. கனம் குறைவு, அழகு என்று பார்த்து அதை வாங்கி ரப்பர்க் கட்டையோடு ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. கைப்பேசியில் தம்பி பார்த்தது இந்த வகையாகவும் இருக்கலாம். கவனம்!

ஆறு, காற்று வால்வின் ஓட்டை. கார் டியூபில் இருப்பதுபோன்ற தடித்த வால்வுக்கு ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் ஓட்டை. மெல்லிய வால்வுக்கு 6.5. சின்ன ஓட்டை ரிம்மை வாங்கிவிட்டு, பிறகு துளை போட்டுப் பெரிதாக்கி வலுவைக் கெடுக்காதீர்கள்.

ஏழு, நேர்த்தி. ரிம்மைக் கடையின் கண்ணாடி மேசைமேல் படுக்க வையுங்கள். சுற்றிலும் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு பக்கம் தூக்கினால் வேண்டாம். இணைப்பு இடத்தை விரலால் தடவுங்கள். படிக்கட்டுபோல் இடறக் கூடாது.

எட்டு, கனம். இதைக் கடைசியில் பாருங்கள். 26 அங்குல இரட்டைச் சுவர் அலுமினிய ரிம், பந்தயத்துக்கென்று செய்தது 400 கிராமை ஒட்டி இருக்கும். எல்லா வேலைக்கும் ஆனது 500 முதல் 600 கிராம். மலையிலிருந்து குதித்து இறங்குபவர்களுக்கானது அதற்கும் மேலே. ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாமல், தராசு இருந்தால் நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

'கார்பன்' ரிம் பற்றியும் தம்பி கேட்டிருக்கிறான். மிக மெல்லியது, மிக விறைப்பானது, விலையோ மலையேறியது. அலுமினியம் அடி வாங்கினால் முதலில் நெளிந்து எச்சரிக்கை கொடுக்கும். கார்பன் நெளிவதில்லை, அதன் பொறுமைக்கு மேல் அடி விழுந்தால் வெடிப்பு விடும். பள்ளிக்குப் போகும் சைக்கிளுக்கு அது தேவையில்லை.

பழைய கம்பியையே போடலாமா?

போடலாம், ஆனால் ஒரு நிபந்தனை. நிப்பிள் உட்காரும் இடத்தின் விட்டம் பழைய ரிம்மிலும் புதிய ரிம்மிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. அப்படிப் பொருந்தினால், புது ரிம்மைப் பழைய ரிம்மின் பக்கத்தில் வைத்து, வால்வு ஓட்டைகள் நேராக இருக்கும்படி டேப் போட்டுக் கட்டி, ஒவ்வொரு கம்பியாகப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றலாம். கம்பிகளின் பின்னல் குழம்பாது. பழைய கம்பிகள் துருப்பிடித்தோ அடிக்கடி அறுந்தோ இருந்தால் மிச்சம் பார்க்காமல் புதிதாகவே போட்டுவிடுங்கள்.

கடைசியாக இழுத்து நேராக்கும் வேலையைக் கைதேர்ந்தவரிடம் விடுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி அவரிடம் கொண்டுபோய்க் காட்டி இறுக்கிக்கொள்ளுங்கள். புதுச் சக்கரம் கொஞ்சம் தளரும், அது இயற்கை. இந்த இரண்டாம் நடையைச் சோம்பல்பட்டு விடுவதால்தான் பல நல்ல ரிம்கள் அற்பாயுளில் போகின்றன.

மாதம் ஒருமுறை ஓர் இரும்பு அடிக்கோலை ரிம்மின் பிரேக் தளத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் குழி விழுந்து வெளிச்சம் தெரிந்தால் தகடு தேய்ந்துவிட்டது. சில ரிம்களில் இதற்கென்றே மெல்லிய கோடு ஒன்று வெட்டியிருப்பார்கள். அந்தக் கோடு மறைந்தால் மாற்ற வேண்டிய நேரம். தேய்ந்த ரிம் ஒருநாள் காற்றழுத்தத்தில் பிளந்துகொள்ளும். அது பெரும்பாலும் ஓடும்போதுதான் நடக்கும். செம்மண் சேறு உப்புத்தாள் மாதிரி ரிம்மைத் தேய்க்கும். மழைநாளில் வீடு திரும்பியதும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். நிப்பிள் ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது.

தீர்ப்பு

அம்மா, உங்கள் கேள்விக்கு இப்போது பதில்.

தம்பியின் முன் ரிம் வளையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தேய்மானத்தை மட்டும் பார்த்துவிட்டு அதை அப்படியே விடுங்கள். பின்னால் மட்டும் ஒரே ஒரு புது ரிம்: 559, இரட்டைச் சுவர், அலுமினியம், 36 ஓட்டை, பிரேக் தளம் உள்ளது, 500 முதல் 550 கிராம். இதில் தகப்பனார் கேட்ட வலுவும் இருக்கிறது. தம்பி வெறுக்கும் இரும்பும் இல்லை. இரண்டு ரிம்முக்கு வைத்திருந்த பணத்தில் மிஞ்சுவதைக் கொண்டு நல்ல கம்பி, பின்னால் ஒரு நல்ல டயர், ஒரு ஜோடி புது பிரேக் கட்டை. அந்தச் சக்கரத்தில் ஜம்போரியும் ஓடலாம். திங்கட்கிழமை பள்ளிக்கும் போகலாம்.

இன்னொரு விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

தங்கை உட்காரும் கேரியரைத் திருப்பிப் பாருங்கள். பல கேரியர்களில் 25 கிலோ என்று அச்சிட்டிருக்கும். அது புத்தகப் பைக்கும் சாமானுக்கும் போட்ட கணக்கு. நான்காம் ஆண்டு படிக்கும் பிள்ளையும் அவள் பையும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். பின் ரிம் ஒரே ஆண்டில் இரண்டு முறை வளைந்ததற்கு என் சந்தேகம் அங்கேதான். எவ்வளவு நல்ல ரிம் போட்டாலும் அந்தக் கேரியரும், அதைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணியும் மாறப்போவதில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது காரிலோ வேனிலோ பிள்ளைகளை ஏற்றிப் போகிறார்களா என்று விசாரியுங்கள். உங்கள் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் தலைக்கவசத்தோடு அவளைக் கொண்டுபோய் விட வேலை நேரம் இடம் கொடுக்குமா என்று பாருங்கள். அது அமையும் வரைக்கும், சரிவு வரும் இடங்களில் தங்கையை இறக்கி நடக்க வைக்கச் சொல்லுங்கள். மழைநாளில் கட்டாயம்.

தம்பி, இது உனக்கு. உன் கையால் சம்பாதித்த பணம் அது. அதைத் தட்டிப் பறிக்க நான் இதை எழுதவில்லை. ஓட ஆசைப்படு, தாராளமாக ஓடு. பந்தயத்தில் எந்த இடம் வந்தாய் என்று எனக்கு ஒரு வரி எழுது. கடைசி இடம் வந்தாலும் எழுது. சக்கரம் நேராக வீடு வந்து சேர்ந்ததா என்பதையும் சேர்த்து எழுது.

ஐயா, உங்களுக்கும் ஒன்று. ரிம் வாங்கப் போகும்போது மகனைத் தனியாக அனுப்பாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள். மூங்கில் கணக்கை நீங்கள் பாருங்கள், கிராம் கணக்கை அவன் பார்க்கட்டும். கடை வாசலில் ஆளுக்கொரு தே தாரேக் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். மூன்று நாள் மௌனம் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்த மாதம், மழைக்காலத்தில் கூரைத் தகரம் ஒழுகாமல் அடைப்பது எப்படி என்று பார்ப்போம். வீட்டுப் பட்டறைக்குக் கேள்விகள் எழுதுவோர், சாமானின் அளவையும் அதில் அச்சிட்ட எண்களையும் மறவாமல் குறிப்பிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
பட்டறைக்காரன்